கிட்ட போய் எடுக்குற லென்ஸ் வாங்குங்க

முதல் கேமரா வாங்கப் போறவங்க எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் முதல்ல கேக்குறாங்க: "எந்த மாடல் வாங்கலாம்?" என்னைக் கேட்டா அது நாலாவது கேள்வி. யாரை, எதைப் படமெடுக்கப் போறீங்கன்றது முதல் கேள்வி. கடன் வாங்காம கையில எவ்வளவு இருக்குன்றது ரெண்டாவது. அதுக்கு எந்த லென்ஸ் தோதுப்படும்ன்றது மூணாவது. இந்த மூணுக்கும் பதில் கிடைச்சிட்டா மாடல் தானா வந்து நிக்கும். தலைகீழா ஆரம்பிச்சீங்கன்னா கேமரா பீரோவுல தூங்கும், மாசத் தவணை மட்டும் முழிச்சிக்கிட்டு இருக்கும்.

பாகூர் பக்கம் ரெண்டு ஏக்கர்ல நெல்லும் மல்லாட்டையும் போடுற ஆளு, பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவன், கேமராவைப் பத்தி என்ன சொல்லப் போறான்னு நினைப்பீங்க. நானும் ஒண்ணு வச்சிருக்கேன். 2019ல ஒரு போகம் மல்லாட்டை நல்லா வந்தது. அந்தக் காசுல 30,000 ரூபாயைத் தனியா எடுத்து வச்சி, அதுக்குள்ளயே முடிக்கணும்னு முடிவு பண்ணிதான் வாங்கினேன். பழைய கேனான் 700டி பாடி 12,000. ரெண்டு லென்ஸு, ரெண்டும் பழசுதான், சேர்த்து 13,500. மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி, வைக்கிறதுக்குப் பெட்டி எல்லாம் 4,500. இன்னைக்கும் அதுலதான் எடுக்கிறேன்.

"உழவனுக்கு எதுக்குங்க டிஎஸ்எல்ஆரு, போன் பத்தாதா?" அப்படின்னும் கேக்குறாங்க. நல்ல வெயில்ல, வயல்ல, ரோட்டுல போன் தாராளமா போதும். அதுக்காக ஒரு பைசா செலவு பண்ணாதீங்க. ஆனா வீட்டுக்குள்ள ஒத்தை பல்பு வெளிச்சத்துல ஒரு வயசானவங்க முகத்தை எடுத்து, அதைப் பெருசா பிரிண்ட் போட்டு சுவத்துல மாட்டணும்னா போன் படம் தடுமாறும். எங்க அப்பாவுக்குன்னு எங்க வீட்டுல இருக்குற ஒரே படம் வாக்காளர் அட்டையில இருந்து பெருசாக்கினது. முகம் புள்ளி புள்ளியா இருக்கும். என் பேத்திக்கு அந்தப் புள்ளிங்கதான் கொள்ளுத் தாத்தா. எங்க ஊர்ல பாதி வீட்டுல இதான் கதை. 2011 டிசம்பர் 30ந் தேதி தானே புயல் அடிச்சப்போ எங்க பக்கம் தோப்புங்க எல்லாம் ஒரு ராத்திரியில போச்சு. அதுக்கு முன்னாடி அந்த மரங்க எப்படி நின்னுச்சின்னு காட்ட யார் கிட்டயும் ஒழுங்கான படம் இல்ல.

டவுன்லயும் அதேதான். புதுச்சேரி கடற்கரையில மேரி கட்டடம்னு இருந்துச்சே, பிரெஞ்சுக்காரன் காலத்து நகர மண்டபம், அது 2014 நவம்பர் 29ந் தேதி மழையில இடிஞ்சு விழுந்துச்சு. பழைய ஜாடையிலயே மறுபடி கட்டி 2021ல திறந்தாங்க. தினமும் அதைத் தாண்டி நடந்தவங்க எத்தனை பேரு வீட்டுல அந்தப் பழைய கட்டடத்துப் படம் ஒண்ணாவது இருக்கும்?

இதோட அருமை தெரிஞ்ச ஒரு இடம் அதே டவுன்ல இருக்கு. 1955ல ஆரம்பிச்ச பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட். தென்னிந்தியக் கோயில், சிற்பம்னு லட்சத்துக்கு மேல படம் அங்க சேர்த்து வச்சிருக்காங்க. கோயிலோட நிக்கல. பிரிட்டிஷ் நூலகத்தோட உதவியில, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்கள்ல சாதாரண குடும்பங்க எடுத்துக்கிட்ட படங்களையும் தேடிப் பிடிச்சி கம்ப்யூட்டர்ல ஏத்தினாங்க. ஒரு மாமியார், மருமக, கையில குழந்தை, பின்னாடி வரைஞ்ச திரை. அந்த மாதிரிப் படம்தான் இன்னைக்கு ஆராய்ச்சிப் பொருளு. கேமரா வாங்குறவங்க இதை ஒரு நிமிஷம் நினைச்சிப் பார்த்துட்டு அப்புறம் கடைக்குப் போகலாம்.

இப்ப லென்ஸுக்கு வர்றேன். கடையில என்ன பண்றாங்கன்னா, "டபுள் கிட் ஆஃபர்" அப்படின்னு 18-55 ஒண்ணு, 75-300 ஒண்ணு, ரெண்டையும் சேர்த்துக் கையில குடுக்குறாங்க. நீளமான லென்ஸைப் பார்த்ததும் பிள்ளைங்களுக்கு மனசு போயிடுது. அத மாட்டிக்கிட்டு எங்க ஊர் பக்கம் வர்றாங்க. ரோட்டோரம் காரை நிறுத்திட்டு, வரப்புல கூட எறங்காம, நாத்து நடுற பொம்பளைங்கள தூரத்துல இருந்தே சுட்டுட்டுப் போறாங்க. குனிஞ்சி நடுறவங்களுக்கு யாரு எடுத்தா, எதுக்கு எடுத்தான்னே தெரியாது. எங்க ஊர்ல நடவு நடுற ஒரு அக்கா கேட்டாங்க, "ஏம் மாமா, அந்தக் குழாய வச்சி என்னத்த எடுக்குறாங்க, எங்க மூஞ்சியா முதுகா?" என்னால பதில் சொல்ல முடியல.

லென்ஸ் வாங்குறது காசு விஷயம் மட்டும் இல்ல, மரியாதை விஷயமும்தான்னு நான் சொல்றது இதனாலதான். கணக்கைப் பாருங்க. கேமராவை நேரா நிமித்திப் பிடிச்சி ஒரு ஆளைத் தலை முதல் கால் வரைக்கும், கொஞ்சம் இடம் விட்டு எடுக்கணும்னு வைங்க. கேனானோட சின்ன பாடியில 24 மி.மீ. லென்ஸ் போட்டா ஏழு அடியில நிக்கணும். 50 மி.மீ. போட்டா பதினஞ்சு அடி. 250 மி.மீ. போட்டா எழுபது அடிக்கு மேல. ஏழு அடியில நிக்கிறவன் பேசாம படமெடுக்க முடியாது. "எப்படிம்மா இருக்கீங்க, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"ன்னு கேட்டே ஆகணும். எழுபது அடியில இருக்குறவன் எதுவும் கேக்கத் தேவையில்ல. பறவை எடுக்குறவங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. ஊசுடு ஏரியில நாரையைப் பார்த்து "எடுத்துக்கட்டுமா"ன்னு கேட்டா அது பறந்துடும். அவங்க 75-300ஐ விட்டுட்டு, நடுக்கத்தைத் தாங்குற வசதியுள்ள 55-250 எஸ்டிஎம் பழசா தேடுங்க. அந்த 75-300 மூணாவது மாடல்ல அந்த வசதி கிடையாது. கை கொஞ்சம் ஆடினாலும் படம் கலங்கிடும்.

மத்தவங்களுக்கு என் யோசனை, ஜூம் இல்லாத ஒரே ஒரு லென்ஸு. இது என் சொந்தச் சரக்கு இல்ல. பிரான்ஸ்ல இருந்து வந்த ஆன்றி கார்த்தியே-பிரெசோன், உலகம் பூரா பேர் வாங்கின போட்டோகிராபர், 1950 ஏப்ரல்ல புதுச்சேரிக்கு வந்து ஆசிரமத்துல ஸ்ரீ அரவிந்தரைப் படமெடுத்தாரு. அரவிந்தரைப் பல வருஷமா யாரும் படமெடுக்காம இருந்தாங்க. அதே வருஷம் டிசம்பர் 5ந் தேதி அவரு காலமாயிட்டாரு. ஏப்ரல்ல எடுக்கலன்னா எடுத்தே இருக்க முடியாது. அந்த மனுஷன் வாழ்நாள்ல பெரும்பாலும் சின்ன லைக்கா கேமராவையும் 50 மி.மீ. லென்ஸையும் வச்சே வேலை பார்த்தாரு. மூட்டை தூக்குற மாதிரி பை எதுவும் கிடையாது.

இதைக் கேட்டுட்டு உடனே ஓடிப்போய் 50 மி.மீ. வாங்கிடாதீங்க. இங்க ஒரு சூட்சுமம் இருக்கு. அவரோட பிலிம் 36 மி.மீ. அகலம். நம்ம பட்ஜெட்டுல கிடைக்கிற டிஎஸ்எல்ஆர்ல உள்ளே இருக்குற சென்சார் அதை விடச் சின்னது. கேனான்ல 22.3 மி.மீ. அதனால லென்ஸ் எண்ணை கேனான்ல 1.6 ஆலயும் நிக்கான்ல 1.5 ஆலயும் பெருக்கிப் பார்க்கணும். நம்ம 50, கேனான்ல 80 மாதிரி பார்க்கும். வைசியாள் வீதி திண்ணை வீட்டு முன்னாடி நின்னா அரைவாசி கதவுதான் தெரியும், பின்னாடி போனா எதிர்வீட்டுச் சுவரு முட்டும். முகம் எடுக்க 80 அருமையான அளவு, வீதிக்கு ஆகாது. கார்த்தியே-பிரெசோன் பார்த்த மாதிரி பார்க்கணும்னா நிக்கான்ல 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸு. பெருக்கினா 52 வருது. கேனான்ல 24 மி.மீ. எஃப் 2.8, அப்பளம் மாதிரி தட்டையா இருக்கும், பெருக்கினா 38. ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடியும்னா நிக்கான் 35க்குத்தான் என் ஓட்டு. நான் கேனான் வச்சிருக்குறதுக்குக் காரணம், அந்த வாரம் நல்ல நிலையில கிடைச்ச பாடி அதான்.

எஃப் 1.8, எஃப் 5.6ன்னு சொல்றாங்களே, அது பாகூர் ஏரி மதகு மாதிரி. லென்ஸோட வாய் எவ்வளவு திறக்கும்ன்ற கணக்கு. எண்ணு சின்னதா இருந்தா வாய் பெருசு. சாதாரண 18-55 லென்ஸை 55ல வச்சா 5.6 தான் திறக்கும். 50 மி.மீ. லென்ஸ் 1.8 திறக்கும். வெளிச்சம் கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம். பெரிய மார்க்கெட்டுக்கு உள்ளாற, மீன் வெட்டுற இடத்துல, காலையில ஒரு பல்புதான் எரியும். அங்க 18-55 வச்சி எடுத்தா ஐஎஸ்ஓவை எக்கச்சக்கமா ஏத்தணும். ரேடியோவுல சத்தத்தைக் கூட்டினா இரைச்சலும் கூட வர்ற மாதிரி படத்துல புள்ளி வரும். மதகு பெருசா இருந்தா அந்தத் தொல்லை இல்ல. அதுக்காக 18-55ஐ நான் மட்டமா பேசல. பாடியோட சேர்ந்து சொற்ப விலைக்கு வந்தா எடுத்துக்கோங்க. பகல்ல வீடு, வீதி, கோயில் கோபுரம் எடுக்க அந்த 18 உதவும்.

பாடி விஷயத்துல ஒரு நல்ல சேதி. 2020க்கு அப்புறம் கேனானும் நிக்கானும் புது டிஎஸ்எல்ஆர் மாடல் எதையும் இறக்கல. எல்லாரும் மிரர்லெஸ் பக்கம் போயிட்டாங்க. டிராக்டர் வந்ததும் நல்ல உழவு மாடு சந்தையில விலை இறங்கின மாதிரி, நல்ல டிஎஸ்எல்ஆர் இப்ப சல்லிசா கிடைக்குது. மாடு உழாமலா போயிடுச்சி? என் 700டி 18 மெகாபிக்சல்தான். அதுல பதினேழுக்குப் பதினொண்ணு அங்குலம் பிரிண்ட் போடலாம், ஒரு புள்ளி கூட தெரியாது. வீட்டு சுவத்துக்கு அதுக்கு மேல என்ன வேணும்? நாளைக்கு மிரர்லெஸ் வாங்கினாலும் பழைய லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டிக்கலாம். அதனால பாடி மாடு மாதிரி, வயசாகும், மாத்துவோம். லென்ஸ் நிலம் மாதிரி, பார்த்துக்கிட்டா கூடவே இருக்கும். பத்து ரூபாய் இருந்தா பாடிக்கு நாலு ரூபாய்க்கு மேல போடாதீங்க.

பழசு வாங்குறப்போ பார்க்க வேண்டியது:

மாட்டுக்குப் பல்லைப் பிடிச்சிப் பார்க்குற மாதிரி கேமராவுக்கு ஷட்டர் எண்ணிக்கை பார்க்கணும். நிக்கான்ல எடுத்த படத்தோட விவரத்துலயே அது பதிஞ்சிருக்கும். கேனான்ல பல மாடலுக்குத் தனி மென்பொருள் வேணும். நிக்கான் டி7200க்கு 1,50,000 முறை சோதிச்சதா கம்பெனி சொல்லுது. சின்ன மாடலுங்களுக்கு அதை விடக் குறைவா நினைச்சிக்கோங்க. கல்யாணத்துக்குப் போய் வந்த பாடின்னா எண்ணிக்கை எகிறி இருக்கும்.

எஃப் 16ல வச்சி வெறும் வானத்தை ஒரு படம் எடுங்க. பெருசாக்கிப் பார்த்தா சென்சார்ல இருக்குற அழுக்கு கறுப்புப் பொட்டா தெரியும்.

லென்ஸுக்குப் பின்னாடி டார்ச் அடிச்சி முன்னாடி இருந்து பாருங்க. சிலந்தி நூலு மாதிரி இழை ஓடியிருந்தா அது பூஞ்சை. எவ்வளவு குறைச்சிக் குடுத்தாலும் வேணாம்.

நிக்கான்ல டி3500, டி5600 மாதிரி பாடிங்களுக்குள்ள ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏஎஃப்-டி லென்ஸு விலை கம்மின்னு வாங்கிட்டா கையாலதான் ஃபோகஸ் திருப்பணும். டி7200ல மோட்டார் இருக்கு. கேனான்ல 1987ல இருந்து வந்த இஎஃப் லென்ஸ் எல்லாமே எந்த டிஎஸ்எல்ஆர்லயும் தானா ஃபோகஸ் ஆகும்.

புதுச்சேரியில வாங்கினா வரி கம்மின்னு இன்னும் நம்பிக்கிட்டு பஸ் ஏறி வர்றவங்க இருக்காங்க. அது விற்பனை வரி காலத்துக் கதை. 2017 ஜூலை 1ல இருந்து ஜிஎஸ்டி, நாடு முழுக்க ஒரே வரி. 2019 ஜனவரியில டிஜிட்டல் கேமராவுக்கு 28ல இருந்து 18 சதவீதமா குறைச்சாங்க. அதுவும் எல்லா ஊருக்கும்தான். அதனால உங்க ஊர்லயே, பில் குடுக்குற கடையில, திரும்பிப் போய்க் கேக்குற தூரத்துல வாங்குங்க.

கடலோரத்துல இருக்குறவங்களுக்கு ஒண்ணு. ஐப்பசி, கார்த்திகை ஈரம் லென்ஸைச் சாப்பிட்டுடும். 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்தப்போ புதுச்சேரியில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. அந்த மாதிரி நாள்ல பீரோவுல துணிக்கு நடுவுல இருக்குற லென்ஸுல பூஞ்சை வராம என்ன பண்ணும்? விதை நெல்லை எப்படி ஈரம் அண்டாம வைப்போமோ அதே பக்குவம்தான். ரப்பர் வளையம் வச்ச காத்துப் புகாத டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர். 40ல இருந்து 50க்குள்ள முள்ளு நிக்கணும். அரிசிக்குள்ள புதைச்சி வைக்கிற வேலை வேணாம், தவிட்டுத் தூள் உள்ள போயிடும். தோல் பையில மாசக்கணக்குல வைக்காதீங்க, தோலு ஈரத்தைப் பிடிச்சிக்கும். கடற்கரையில எடுத்துட்டு வந்தா உப்புப் படிஞ்ச பாடியை மெல்லிய ஈரத்துணியால துடைச்சி, காயவச்சி அப்புறம் டப்பாவுல போடுங்க.

கடைசியா கடன். என் அண்ணன் மகன் ஒரு நாள் வந்து, "சித்தப்பா, பெரிய கேமரா ஒண்ணு எடுத்தா கல்யாண ஆர்டர் பிடிக்கலாம், அம்மா தோட்டை வச்சிடலாம்னு இருக்கேன்"னு சொன்னான். நான் அவனைத் திட்டல. காலண்டரை எடுத்துக் காட்டினேன். ஆடியில கல்யாணம் கிடையாது. புரட்டாசியிலயும் மார்கழியிலயும் கிடையாது. தவணை பன்னெண்டு மாசமும் வரும். உழவனுக்கு இது புரியும், ஏன்னா எங்களுக்கும் வருமானம் போகத்துக்குத்தான், வட்டி மட்டும் மாசாமாசம். ஆர்டர் வந்தா அன்னைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக்கோடா, பத்து ஆர்டர் முடிஞ்சதும் அந்தக் காசுல வாங்குன்னேன். அவன் இப்ப வாடகைக் கேமராவுலதான் வேலை பார்க்குறான். தோடு அவங்க அம்மா காதுலதான் இருக்கு.

இதெல்லாம் பார்த்து வாங்கினதுக்கு அப்புறம் எங்க போய் எடுக்குறது? ஒயிட் டவுன் மஞ்சச் சுவரை இது வரைக்கும் எத்தனையோ பேரு எடுத்துட்டாங்க, அது எங்கயும் ஓடிப்போகாது. காலையில எட்டு மணிக்குள்ள, வெயில் சாஞ்சி விழுற நேரத்துல, வைத்திக்குப்பத்துல வலை பிரிக்கிறவங்ககிட்ட போங்க. ஞாயித்துக்கிழமை காந்தி வீதிச் சந்தையில பழைய துணி விக்கிறவங்ககிட்ட போங்க. எங்க ஊருக்கும் வாங்க, வரப்புல எறங்கி வாங்க, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு. ஏழு அடியில நின்னு பேசிட்டு, கேட்டுட்டு எடுங்க. வேணாம்னு சொன்னா விட்டுடுங்க.

எடுத்ததை பிரிண்ட் போட்டு அவங்க கையில குடுங்க. ஒரு பிரிண்ட்டுக்கு ஆகுற செலவு டீயும் வடையும் சாப்பிடுற காசுதான். கேமராவுக்கு 30,000 செலவு பண்றவங்க அதுக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. உங்க போன்ல ஆயிரத்துல ஒண்ணா கிடக்குற படம், அவங்க வீட்டுல சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டின ஒரே படமா இருக்கும்.